கோல்ஃப் வரலாற்றைச் சொல்லும் படநூலில் எதைப் பார்த்து வாங்குவது?

“பணி ஓய்வு பெறவிருக்கும் எங்கள் மேலதிகாரி நெடுங்காலமாகக் கோல்ஃப் ஆடுபவர். அந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படங்களோடு கொண்டாடும் பெரிய நூல் ஒன்றை அவருக்குப் பரிசளிக்க நினைக்கிறோம். எங்களில் யாருக்கும் ஆட்டம் தெரியாது. கடையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கின்றன. எது நல்ல நூல் என்று எப்படிக் கண்டுகொள்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இத்தகைய நூல்களின் எழுத்துப் பகுதியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது; ஸ்காட்லாந்தில் தொடங்கி அமெரிக்காவில் முடியும் அதே கதையைத்தான் ஏறக்குறைய எல்லா நூல்களும் சொல்கின்றன. வேறுபாடு படங்களிலும், இன்னும் குறிப்பாகச் சொன்னால் படங்களுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று வரிக் குறிப்புகளிலும் இருக்கிறது. கோல்ஃப் ஓவியங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் செல்வந்தர்கள். ஆகவே படத்தின் நடுவில் அவர்களே நிற்பார்கள். ஆனால் அந்த ஆட்டத்தைச் சாத்தியமாக்கியவர்கள், அதாவது பந்து தைத்தவர்கள், மட்டை கடைந்தவர்கள், பை சுமந்தவர்கள், புல் வெட்டியவர்கள் எல்லாரும் பெரும்பாலும் அதே படத்தின் ஓரத்தில்தான் இருப்பார்கள். ஓரத்தில் நிற்பவரைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லும் நூல், படத்தைக் கண்ணால் பார்த்து எழுதப்பட்ட நூல். நடுவில் நிற்பவரின் பெயரையும் பட்டத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நகரும் நூல், படத்தை அலங்காரமாக வாங்கி ஒட்டிய நூல். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு, எந்தெந்தப் படங்களைத் தேடிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய படமே ஓரத்தில் வரையப்பட்டதுதான். ஏறக்குறைய 1540-இல் புரூஜ் நகரத்துச் சிற்றோவியர் சைமன் பெனிங்கும் அவருடைய பட்டறையினரும் தீட்டிய பிரார்த்தனை நூல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் நாட்காட்டிப் பகுதியில் அந்தந்த மாதத்துக்குரிய உழவும் மற்றப் பருவ வேலைகளும் முழுப் பக்க அளவில் விரிந்திருக்க, செப்டம்பர் மாதத்துக்கான பக்கத்தின் கீழ் விளிம்பில், விரல் அகலமுள்ள ஒரு பட்டையில், சிலர் வளைந்த மட்டைகளால் சிறு பந்துகளை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரார்த்தனைக்காகச் செய்யப்பட்ட அந்த நூலுக்கு, இந்த ஒரு சிறு காட்சியால், ‘கோல்ஃப் நூல்’ என்றே உலகம் பெயர் வைத்துவிட்டது. நல்ல படநூல் இந்தப் பக்கத்தை முழுதாக அச்சிடும். மோசமான நூல் அந்தக் கீழ்ப் பட்டையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போடும். அப்போது அது ஒரு தனி ஓவியம் போலத் தோன்றி, பக்கத்தின் விளிம்பில் விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட ஒன்று என்ற உண்மை மறைந்துபோகும்.

அடுத்து டச்சு ஓவியங்கள் வரும். 17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் குளிர்காலத்தில் உறைந்துபோன ஆறுகளின் மேல் மக்கள் ‘கோல்ஃ’ என்ற ஆட்டத்தை ஆடினார்கள். கம்பென் நகரத்தைச் சேர்ந்த, பேச்சுத்திறன் இல்லாததால் ‘கம்பெனின் ஊமையர்’ என்று அழைக்கப்பட்ட ஹென்ட்ரிக் அவர்காம்ப் அந்தப் பனிக்காட்சிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருடைய ஓவியத்தில் நூறு பேர் இருப்பார்கள். சறுக்குபவர், வழுக்கி விழுந்தவர், விறகு சுமப்பவர், கனவான், பிச்சைக்காரர் என்று ஊரே பனிமேல் இறங்கியிருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருவர் மட்டையுடன் நிற்பார்கள். ரெம்பிராண்ட் 1654-இல் செதுக்கிய சிறிய அச்சோவியம் ஒன்றிலும் இதே கதைதான்: முன்னால் ஒரு மனிதர் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மட்டையோடு ஆடுபவர் பின்னால் தள்ளித் தெரிகிறார். ஆட்டத்தை மதிப்புக்குரிய பெரிய விஷயமாக அன்று யாரும் எண்ணவில்லை. அன்றாடத்தின் ஒரு பகுதியாகவே அது இருந்தது என்பதற்கு இந்தப் படங்களைவிட நல்ல சான்று கிடையாது. டச்சு ஆட்டமும் ஸ்காட்லாந்து ஆட்டமும் ஒன்றா, ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததா என்ற வாதம் ஓயாதது. வட கடலைத் தாண்டி இரு நாடுகளுக்கும் இடையே இடைவிடாத வணிகம் நடந்தது என்பதால் தொடர்பு இருந்திருக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் நூலை நம்பலாம். ‘கோல்ஃபின் தாயகம் இதுவே’ என்று ஓங்கிச் சொல்லும் நூலை, அது எந்த நாட்டைச் சொன்னாலும், சற்றுத் தள்ளியே வைக்கலாம்.

சீனாவைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சுய்வான்’ என்ற ஆட்டத்தில் மட்டையால் பந்தை அடித்துத் தரையிலுள்ள குழிகளில் விழச் செய்தார்கள். அதன் விதிகளைச் சொல்லும் நூல் 1282-இல் எழுதப்பட்டது. மிங் வம்சத்துச் சுவான்டே பேரரசர் அரண்மனைத் தோட்டத்தில் இந்த ஆட்டத்தை ஆடுவதைக் காட்டும் ஓவியச் சுருள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிகளுக்கு அருகே நட்ட சிறு கொடிகளைப் பார்க்கும் எந்தக் கோல்ஃப் ஆட்டக்காரருக்கும் ஒரு கணம் வியப்பு வரும். அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் வளைந்த கோலும் உருண்டைப் பந்தும் கிடைத்தால் மனிதர்கள் எங்கும் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காகவாவது அந்தப் படம் நூலில் இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு வரும்போது ஒரு விசித்திரமான நிலைமை ஏற்படுகிறது. ஆவணங்கள் ஏராளம், படங்கள் இல்லை. 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் நாடாளுமன்றம், மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுக் கால்பந்திலும் கோல்ஃபிலும் பொழுதைப் போக்குகிறார்கள் என்று சொல்லி இரண்டையும் தடை செய்தது. கோல்ஃப் என்ற பெயர் எழுத்தில் வரும் முதல் இடமே அந்தத் தடைச் சட்டம்தான். தடை 1471-இலும் 1491-இலும் மறுபடி பிறப்பிக்கப்பட்டது. மூன்று முறை தடை செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே யாரும் அதைக் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். 1502-இல் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டு நான்காம் ஜேம்ஸ் மன்னர் பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவரிடம் 14 ஷில்லிங் கொடுத்துக் கோல்ஃப் மட்டைகள் வாங்கியதை அரண்மனைக் கணக்கேடு சொல்கிறது. வில்லுக்குப் போட்டி என்று தடை செய்யப்பட்ட ஆட்டத்துக்கு வில் செய்பவரே மட்டை செய்துகொடுத்திருக்கிறார். 1552-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் அங்குள்ள கடலோர மணற்புல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமையை எடுத்துக்கொண்டபோது, அதே வெளியில் கோல்ஃப் ஆடுவதற்கு ஊர் மக்களுக்கு இருந்த உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மைதானம் இன்றும் ஊரின் பொதுச் சொத்தாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊரார் அதில் காலாற நடக்கிறார்கள். கோல்ஃப் என்றாலே மதில் சூழ்ந்த தனியார் மன்றம் என்று எண்ணிக்கொள்ளும் நமக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

இந்த இருநூற்றுச் சொச்ச ஆண்டுகளுக்குச் சமகாலப் படம் கிடைக்காததால், நூல் செய்பவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கற்பனையாக வரையப்பட்ட ஓவியங்களை எடுத்துப் போட்டு இடத்தை நிரப்புவார்கள். 1641-இல் எடின்பரோவை அடுத்த லீத் புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்த முதலாம் சார்லஸ் மன்னருக்கு அயர்லாந்துக் கிளர்ச்சிச் செய்தி வந்து சேரும் காட்சியை சர் ஜான் கில்பர்ட் வரைந்தார். வரைந்தது விக்டோரியா காலத்தில், சம்பவத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் அதிகமாகக் கழித்து. ஸ்காட்லாந்து அரசி மேரி கோல்ஃப் ஆடும் படங்களும் அப்படிப்பட்டவையே. கணவர் டார்ன்லி 1567-இல் கொலையுண்ட சில நாட்களிலேயே அவர் செட்டன் மாளிகையில் கோல்ஃப் ஆடினார் என்று அவருடைய எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறது, படமாக இல்லை. இத்தகைய படங்களைப் போடுவதில் தவறில்லை. ஆனால் வரையப்பட்ட காலத்தைச் சொல்லாமல் போடுவது தவறு. கடையில் நூலைப் புரட்டும்போது மேரி அரசியின் படத்துக்குக் கீழே ஓவியர் பெயரும் காலமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது அரை நிமிடச் சோதனை, ஆனால் நூலாசிரியரின் நாணயத்தை ஓரளவு காட்டிவிடும்.

உண்மையான கோல்ஃப் ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டில் மன்றங்களோடு சேர்ந்து பிறந்தன. 1744-இல் எடின்பரோ நகர மன்றம் ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அறிவித்தது. அதற்கான போட்டிக்காக லீத் புல்வெளியின் கனவான்கள் 13 விதிகளை எழுதிவைத்தார்கள். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் அவையே. முடிந்த குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த ஆட்டத்துக்கான பந்தை வைக்க வேண்டும் என்று முதல் விதி சொல்கிறது. இன்று அந்த இடத்துப் புல்லை மிதிக்கவே தயங்குவார்கள். போட்டியில் வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். பத்தாண்டு கழித்து, 1754-இல், செயின்ட் ஆண்ட்ரூஸில் 22 பேர் கூடித் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். 1764-இல் அங்கே 22 குழிகளாக இருந்த சுற்று 18 ஆகக் குறைந்து, பின்னர் அந்த எண்ணிக்கையே உலகத்துக்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளி மட்டையை ஊர்வலமாக எடுத்துச் செல்லும் காட்சியை டேவிட் ஆலன் 1787-இல் வரைந்த ஓவியத்தில் காணலாம். முன்னால் மன்றத் தலைவர் வில்லியம் இங்கிலிஸ் கம்பீரமாக நிற்க, பின்னால் தூரத்தில் பறையறைந்துகொண்டு அந்த வெள்ளி மட்டையைக் கொண்டுபோகிறார்கள். கோவில் திருவிழாவில் மேளத்தோடு பரிவட்டம் போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் பின்னணியின் அர்த்தம் உடனே விளங்கும்.

அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1790-இல் வெளிவந்த ‘பிளாக்ஹீத் கோல்ஃபர்’ படம் இல்லாத நூலை நான் இதுவரை பார்த்ததில்லை. லண்டனுக்கு அருகில் பிளாக்ஹீத்தில் இருந்த கோல்ஃப் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் இன்னிஸ், சிவப்புக் கோட்டு அணிந்து, மட்டையைத் தோளில் சாய்த்து நிற்கிறார். லெமுவல் அபட் வரைந்தார். வேலன்டைன் கிரீன் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். நம் கையில் இருப்பவை எல்லாம் அந்த அச்சுப் பிரதிகளே. மூல ஓவியம் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவில் அழிந்துவிட்டது என்று நம்பப்படுகிறது. நான் பார்க்கச் சொல்வது இன்னிஸை அல்ல. அவருக்குப் பின்னால், ஓரடி தள்ளி, மட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் முதியவரை. அவர் கிரீனிச் மருத்துவமனையில் அடைக்கலம் பெற்ற முன்னாள் கடற்படையாளர்களில் ஒருவர். உடையைப் பார்த்தாலே தெரியும். அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டியின் கழுத்து எட்டிப் பார்க்கிறது. நாட்டுக்காகக் கடலில் போரிட்ட ஒருவர் முதுமையில் சில காசுகளுக்காகக் கனவானின் மட்டைகளைச் சுமக்கிறார். அந்தக் காலத்தில் மட்டைப் பை என்ற ஒன்றே இல்லை, அத்தனையையும் கையாலேயே அணைத்துப் பிடிக்க வேண்டும் என்ற தகவலும் இந்தப் படத்திலேயே அடங்கியிருக்கிறது. (இந்த வேலை செய்பவரை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் ‘கேடி’ என்றாகி, போக்கிரி என்று பொருளாகிவிடுகிறது. அவர்கள்மேல் அந்தப் பழியைப் போட எனக்கு மனமில்லை. ஆகவே மட்டை தூக்குபவர் என்றே எழுதுகிறேன்.)

பந்தைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோல்ஃப் பந்து என்பது தோல் உறைக்குள் பறவை இறகு திணித்துத் தைத்தது. ஒரு தொப்பி நிறைய இறகை வேகவைத்து, ஈரத் தோலுக்குள் இரும்புக் கம்பியால் நெஞ்சு கொடுத்து அழுத்தித் திணிப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொள்வதால் பந்து கல்லாக இறுகிவிடும். தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளெல்லாம் உழைத்தாலும் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. இறகுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மழையில் நனைந்தால் பந்து ஊறிப் பிரிந்துவிடும். அதன் விலையைக் கேட்டால், சாதாரண மக்களின் ஆட்டம் எப்படிக் கனவான்களின் ஆட்டமாக மாறியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆலன் ராபர்ட்சன் அந்தக் காலத்தின் சிறந்த ஆட்டக்காரர். பிழைப்புக்கு இறகுப் பந்து செய்தார். அவருடைய பட்டறை 1844-ஆம் ஆண்டில் மட்டும் 2,456 பந்துகளைச் செய்தது.

1848 வாக்கில் மலாய்க் காடுகளின் மரப்பாலிலிருந்து எடுக்கப்பட்ட கட்டாபெர்ச்சாப் பந்து வந்தது. சுடுநீரில் இளக்கிக் கையால் உருட்டினால் போதும். உடைந்தாலும் மீண்டும் இளக்கி உருட்டிக்கொள்ளலாம். கீழை நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பாதுகாப்பாகப் பொதிந்திருந்த கட்டாபெர்ச்சாவிலிருந்தே ராபர்ட் பேட்டர்சன் என்ற மாணவர் முதல் பந்தைச் செய்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. பெருமாள் பெட்டியோடு வந்து கோல்ஃபை மாற்றினார் என்பது நமக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் கதையைக் கதையென்றே குறிப்பிடும் நூலே எனக்குப் பிடிக்கும். உறுதியாகத் தெரிந்தது என்னவென்றால், புதிய பந்து தன் தொழிலை அழித்துவிடும் என்று ராபர்ட்சன் அஞ்சினார், தம்மிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் ஒருநாள் அந்தப் பந்தால் ஆடியதைக் கண்டு கோபித்தார், இருவரும் பிரிந்தார்கள், 1851-இல் மாரிஸ் பிரெஸ்ட்விக் மைதானத்தைப் பராமரிக்கப் போய்ச் சேர்ந்தார். வழவழப்பான புதுப் பந்தைவிட அடிபட்டு வடுப்பட்ட பந்து நேராகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். சுத்தியலால் வேண்டுமென்றே கொத்திய பந்துகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய பந்தின் மேலுள்ள சிறு பள்ளங்களின் முன்னோர் அந்தக் கொத்துகளே. பள்ள வடிவத்துக்கு வில்லியம் டெய்லர் 1905-இல் காப்புரிமை பெற்றார். இறகுப் பந்து, கட்டாபெர்ச்சாப் பந்து, 1898-இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூல் சுற்றி உருவாக்கிய பந்து ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் உண்மை அளவில் அச்சிட்டிருக்கும் நூல் கிடைத்தால், வேறு குறைகள் இருந்தாலும் மன்னித்து வாங்கலாம்.

1860 அக்டோபர் 17 அன்று பிரெஸ்ட்விக்கில் எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூடி, 12 குழிகள் கொண்ட மைதானத்தை மூன்று முறை சுற்றி ஆடியதுதான் முதல் ஓபன் போட்டி. வில்லி பார்க் பந்தை 174 முறை மட்டுமே அடித்து முடித்து வென்றார். டாம் மாரிஸ் இரண்டு முறை கூடுதலாக அடித்து இரண்டாவதாக வந்தார். பரிசு, சிவப்புத் தோலில் வெள்ளி பதித்த ஓர் இடுப்புப் பட்டை. மாரிஸின் மகன் இளைய டாம் 1868 முதல் 1870 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றதால் விதிப்படி பட்டை அவருக்கே சொந்தமாகிவிட்டது. கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. 1872-இல் அவரே மறுபடியும் வென்றார், அதன் பிறகு வந்ததுதான் இன்றும் வழங்கப்படும் வெள்ளிக் கூஜா. அந்தப் பட்டையை இடுப்பில் கட்டி நிற்கும் இளைய டாமின் புகைப்படம் எல்லா நூலிலும் இருக்கும். வயதைப் பாருங்கள்: இருபதைத் தொட்டும் தொடாத முகம். 1875 செப்டம்பரில் அவர் நார்த் பெர்விக்கில் தந்தையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது மனைவியின் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று தந்தி வந்தது. படகில் கடற்கழியைக் கடந்து வீடு சேர்வதற்குள் தாயும் சேயும் இறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவரும் இறந்தார், வயது 24. தந்தை மாரிஸ் 1908 வரை வாழ்ந்தார். வெண்தாடியோடு அவர் நிற்கும் பிற்காலப் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த முகம் வேறு மாதிரித் தெரியும்.

புகைப்படக் காலத்தில் ஓரத்தில் இருந்தவர்கள் சில வேளைகளில் நடுவுக்கே வந்துவிட்டார்கள். 1913-இல் பாஸ்டனுக்கு அருகே புரூக்லைனில் நடந்த அமெரிக்க ஓபனில், முன்பு அங்கே மட்டை தூக்கிய 20 வயது பிரான்சிஸ் வீமெட், இங்கிலாந்தின் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் முடிவாட்டத்தில் வீழ்த்தினார். அவருடைய மட்டைகளைச் சுமந்தவன் எடி லோரி, வயது பத்து, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவன். தோளில் துண்டோடு, தன்னளவு உயரமுள்ள பையைச் சுமந்து, வீமெட்டுக்கு இணையாக நடந்துவரும் அந்தச் சிறுவனின் படத்தை, வெற்றிக் கோப்பைப் படத்தைவிடப் பெரிதாகப் போட்டிருக்கும் நூலை உருவாக்கியவருக்குப் படத்தைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று பொருள். ஹரால்ட் எட்ஜெர்ட்டன் 1938-இல் விட்டுவிட்டு மின்னும் ஒளியைக் கொண்டு டென்ஸ்மோர் ஷூட் என்ற ஆட்டக்காரரின் வீச்சை ஒரே தட்டில் பல நிலைகளாகப் பதிவு செய்த படமும், 1949-இல் பேருந்து மோதி நடக்கவே முடியுமா என்றிருந்த பென் ஹோகன் அடுத்த ஆண்டு மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில் அடித்த அடியை முதுகுப் பக்கமிருந்து ஹை பெஸ்கின் எடுத்த படமும் தவறாமல் இருக்கும். இரண்டும் புகழுக்குத் தகுதியானவை. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கொண்டாட்ட நூல்கள் தயங்கும் இடம் ஒன்று உண்டு: யார் யாரை உள்ளே விடவில்லை என்பது. ஸ்காட்லாந்தின் மஸல்பரோ ஊரில் மீன் விற்கும் பெண்களுக்காக நடத்தப்பட்ட போட்டிக்கு ஒரு மீன்கூடையும் சால்வையும் பரிசு என்று 1810-ஆம் ஆண்டு டிசம்பர் மாத மன்றக் குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸின் தலைமை மன்றம் பெண்களை உறுப்பினராக ஏற்க வாக்களித்தது 2014-இல்தான். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் வெள்ளையருக்கு மட்டுமே என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. இந்த வரிசையில் நான் முதலில் தேடும் படம், தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பாப்வா செவ்கோலத்தினுடையது. மட்டை தூக்குபவராகத் தொடங்கி, கைகளை வழக்கத்துக்கு நேர்மாறாக மாற்றிப் பிடித்தே ஆடி, 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றவர். 1963-இல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக மன்றக் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியவில்லை. வெள்ளையர் உள்ளே இருக்க, மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் பரவி, தென்னாப்பிரிக்க விளையாட்டுக்கு எதிரான எதிர்ப்பை வலுப்படுத்தியது. கோல்ஃப் வரலாற்றைக் கொண்டாடுகிறேன் என்று சொல்லும் நூலில் இந்தப் படம் இருக்குமானால், அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் கலந்துகொள்ளத் தோன்றும்.

உங்கள் மேலதிகாரி இங்கே ஆடுபவர் என்பதால் இந்தியப் பகுதியையும் புரட்டிப் பாருங்கள். பிரிட்டனுக்கு வெளியே இன்றும் நீடிக்கும் மன்றங்களில் மிகப் பழையது 1829-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அமெரிக்காவில் நிலையான மன்றங்கள் தோன்ற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பெரும்பாலான நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வெள்ளைத் தலைக்கவசத்தோடு துரைமார் நிற்கும் பழுப்பேறிய படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடும். துரைமாரின் பெயர்கள் இடமிருந்து வலமாக இருக்கும். காலில் செருப்பில்லாமல் மட்டையோடு நிற்பவர்களுக்குப் பெயர் இருக்காது. இந்தியத் தொழில்முறை கோல்ஃபோ அந்தப் பெயரில்லாத வரிசையிலிருந்தே எழுந்தது. 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் மட்டை தூக்கியவர்; 2016-இலும் 2017-இலும் அதே போட்டியை வென்ற சவுராசியாவின் தந்தை கொல்கத்தா மன்றத்தில் புல்வெளியைப் பராமரித்தவர். இந்தப் பெயர்களில் ஒன்றேனும் பெயரகராதியில் இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நூல் அண்மையில் வந்ததா என்பதற்கும் ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் சந்திரனில் இரண்டு பந்துகளை அடித்து, இரண்டாவது பந்து ‘மைல் கணக்கில்’ போகிறது என்று வேடிக்கையாகச் சொன்னார். பழைய நூல்கள் அதை அப்படியே எழுதிவைத்தன. 2021-இல் அந்தப் பயணத்தின் படங்களைத் துலக்கி அளந்தபோது, முதல் பந்து 24 கெஜமும் இரண்டாவது 40 கெஜமும்தான் போயிருந்தன என்று தெரியவந்தது. விண்வெளி உடையின் விறைப்பில் ஒரு கையால் அடித்தவருக்கு அதுவே பெரிது. புதிய எண்கள் இருந்தால் நூல் திருத்தப்பட்ட பதிப்பு.

கடைசியாக, சார்லஸ் லீஸ் 1847-இல் வரைந்து முடித்த ‘கோல்ஃபர்கள்’ ஓவியம் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவுத் தருணம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குழுமியிருக்கிறார்கள், பலர் உண்மை மனிதர்கள். அன்று புத்தம் புதிதாக இருந்த புகைப்படக் கலையின் உதவியையும் லீஸ் எடுத்துக்கொண்டார். கனவான்களுக்கு இஞ்சிப் பானம் விற்கும் பெண்ணும் கூட்டத்தில் உண்டு. அவளைக் குறிப்பு மறக்கவில்லையா என்பதை முதலில் கவனியுங்கள். பிறகு நூலின் தையல் மடிப்பைப் பாருங்கள். அகன்ற ஓவியம் என்பதால் எல்லா நூலும் அதை இரண்டு பக்கங்களில் விரித்துத்தான் அச்சிடும். அத்தனை பேரும் குனிந்தும் எட்டியும் பார்ப்பது குழியை நோக்கி உருளும் ஒரு சிறு வெள்ளைப் பந்தை. அது ஓவியத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. அச்சமைப்பவர் கவனமாக இருந்திருந்தால் படத்தைச் சற்று நகர்த்திப் பந்தை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்திருப்பார். பந்து மடிப்புக்குள் போயிருந்தால் அந்தப் பிரதியை அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.